மாத்திரையை நிறுத்தாமல் ரெய்கி

தருமபுரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். உடல் மேல் கைகளை வைத்துச் செய்யும் ரெய்கியும் முறையாகக் கற்றிருக்கிறேன். விரும்பிக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிற கேள்வி இது: "ரெய்கி எடுத்துக்கிட்டா மாத்திரையை விட்டுடலாமா?" பாலக்கோட்டு விவசாயியும் கேட்கிறார், ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் இளைஞரும் கேட்கிறார். விடக் கூடாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

ரெய்கி ஜப்பானில் பிறந்தது. கியோட்டோ அருகே குராமா மலையில் 21 நாள் விரதமிருந்து பெற்ற அனுபவத்தை வைத்து, மிகாவோ உசுயி 1922இல் இதைத் தொடங்கினார் என்பது ரெய்கி மரபில் சொல்லப்படும் வரலாறு. அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷி, கடற்படையில் இருந்தவர். கைகளை எங்கெங்கே வைப்பது என்பதை ஒழுங்குபடுத்தியவர். ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாதா அவரிடம் சிகிச்சைக்காகப் போய், அப்படியே கற்றுக்கொண்டு, 1930களின் கடைசியில் ஊருக்குக் கொண்டுவந்தார். 1980இல் இறப்பதற்குள் 22 பேரை ஆசிரியர்களாக்கினார். ஜப்பானுக்கு வெளியே ரெய்கி பரவியது பெரும்பாலும் இவர் வழியாகத்தான்.

செய்முறை எளிது. உடுத்திய உடையோடு மல்லாந்து படுத்தால் போதும். கண்களின் மேல், கன்னப்பொறியில், பின்தலைக்கு அடியில், அப்புறம் நெஞ்சு, வயிறு, முழங்கால், பாதம் என்று ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் கை இருக்கும். அழுத்துவதும் இல்லை, நீவுவதும் இல்லை. தொடுவது பிடிக்காதவர்களுக்கு இரண்டு அங்குலம் மேலேயே வைப்பேன். எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். சிலருக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது, சிலருக்கு விரல் நுனியில் சுறுசுறு என்கிறது, பலர் பாதியிலேயே தூங்கிப்போகிறார்கள்.

பிரபஞ்ச உயிர்ச்சக்தி சிகிச்சையாளரின் கை வழியாகப் பாய்கிறது என்பது கோட்பாடு. அப்படியொரு சக்தியை இன்றுவரை எந்தக் கருவியும் அளந்து காட்டியதில்லை. ரெய்கிக்கு நெருங்கிய இன்னொரு முறையை எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி சோதித்துப் பார்த்தாள். நடுவே ஒரு தடுப்பு வைத்து, சிகிச்சையாளரின் இரண்டு கைகளில் ஏதோ ஒன்றின் மேல் தன் கையை நீட்டினாள். எந்தக் கை என்று அவர்கள் உணர்ந்து சொல்ல வேண்டும். 21 பேர் சொன்னதில் 44 சதவீதம்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். இது 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி பயன்படுமா என்று ஆராய்ந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) 2015ஆம் ஆண்டு அறிக்கையும், போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அப்புறம் ஏன் கொடுக்கிறேன்? ஒரு மணி நேரம் போன் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், அக்கறையோடு ஒரு கை மேலே இருக்கப் படுத்திருப்பது நம் பெண்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், தூக்கமில்லாதவர்கள், வருடக்கணக்கில் வலியோடு வாழ்பவர்கள் எழுந்திருக்கும்போது முகம் தெளிந்திருக்கிறது. அந்த ஆறுதலுக்கு மதிப்பு உண்டு என்று நம்புகிறேன். துணைச் சிகிச்சை என்று நான் சொல்வது இந்த அளவுக்குத்தான்.

பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருவர் படுக்கும் முன் பிபி பார்த்தேன், எழுந்ததும் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது. "பாத்தியா கண்ணு, கை வச்சே இறக்கிட்ட. இனி மாத்திரை எதுக்கு?" என்றார். "பாட்டி, ஒரு மணி நேரம் நிம்மதியாப் படுத்தா யாருக்கும் கொஞ்சம் இறங்கும். வீட்டுக்குப் போய் மாடு கன்னைப் பாத்தா மறுபடி ஏறிடும். மாத்திரை ராத்திரி பகலா வேலை செய்யுது" என்றேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் அந்த மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு ரெய்கிக்குப் பஸ் ஏறி வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் பார்க்கிற ஒரு வலி இருக்கிறது. கழுத்து திரும்பாது, முதுகு குனியாது, கால் முட்டி மடங்காது. வயசாச்சு, தேய்மானம் என்று விட்டுவிடுகிறார்கள். பற்களில் பழுப்புக் கறையும் இருந்தால், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்பேன். இங்கே பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து இறுகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், அதுவும் ஜப்பான் கடனுதவியில். எலும்பில் படிந்ததை என் கை எடுக்காது. ரெய்கிக்குப் பிறகு அன்று இரவு நன்றாகத் தூங்கலாம். மறுநாள் காலை அதே போர் தண்ணீரில் உலை வைத்தால் என்ன பயன்? காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்துங்கள். பால், கேழ்வரகு, கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டு அசைவுக்கான பயிற்சிகளை டாக்டரைப் பார்த்த பிறகு நான் சொல்லித் தருகிறேன்.

ரெய்கி, சித்தா, ஆயுர்வேதம் போல ஆயுஷ் மருத்துவ முறைகளில் ஒன்றல்ல. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ், கற்றுக்கொடுத்தவர் தந்தது. டாக்டர் பதிவு அல்ல. சர்க்கரை, வலிப்பு, புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அப்படி போர்டு வைத்திருந்தால் உள்ளேயே போகாதீர்கள். முழு பேக்கேஜுக்கும் முன்பணம் கேட்டாலும், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரெய்கி எடுப்பதை உங்கள் டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

நெஞ்சு வலியோடு வந்தாலும், திடீரென்று வாய் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்து வந்தாலும் நான் படுக்க வைப்பதில்லை, 108ஐக் கூப்பிட்டுவிடுவேன். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வரும் நேரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.