கிளைக்கோகேலிக்ஸ்: செல்லின் சர்க்கரை உமி

கிரேக்கத்தில் 'கிளைகிஸ்' என்றால் இனிப்பு. 'காலிக்ஸ்' என்றால் உமி, மொட்டைப் பொதிந்த உறை. செல்லின் வெளிப்புறமெங்கும் நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு 1963-இல் இந்தப் பெயரை வைத்தவர் ஸ்டான்லி பென்னெட் என்ற அமெரிக்கர். (சென்னை பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அது கவர்னர் பெயர்.)

தமிழில் 'சர்க்கரைப் பூச்சு' என்றால் பிசகு. பூச்சு வெளியிலிருந்து அடிப்பது. இது செல் தானே உள்ளே தயாரித்து, புரதத்திலும் கொழுப்பிலும் கோத்து வெளியே அனுப்புவது. செங்குன்றம் ரைஸ்மில் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், உமி நெல்லோடு கூடவே வளர்வது. ஆகவே 'சர்க்கரை உமி'. ஒரே குறை, நெல்லின் உமி காய்ந்தது. இது ஓயாமல் உதிர்ந்து புதிதாக முளைப்பது. 'சுகர் இருக்கா?' என்று நம் பக்கம் கேட்கும் சர்க்கரையும் இதுவல்ல. இதில் இருப்பவை காலக்டோஸ், ஃபியூகோஸ், சியாலிக் அமிலம் போன்றவை.

புற்றுநோயில் இந்த உமி பல விதமாகக் கெடுகிறது. சில புரதங்களில் முதல் சர்க்கரை ஏறியதும் அடுத்ததாகக் காலக்டோஸ் ஏற வேண்டும். அதை ஏற்றும் நொதி சரியாக மடிய 'காஸ்மிக்' என்ற துணைப்புரதம் தேவை. அது பழுதானால் சங்கிலி முதல் கண்ணியோடு நின்றுவிடும். அந்தக் குட்டைச் சங்கிலிக்குப் பெயர் 'டிஎன்'.

சியாலிக் அமிலம் மிகுவது இன்னொரு கேடு. 'சியாலான்' என்றால் கிரேக்கத்தில் உமிழ்நீர்; 1936-இல் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பிப் பொருளிலிருந்து பிரித்தார்கள். நம் செல்களின் சர்க்கரைச் சங்கிலி நுனியில் இயல்பாகவே இருப்பதால், நோய் எதிர்ப்புப் படையின் இயற்கைக் கொல்லி செல்கள் இதைத் தொட்டுப் பார்த்து 'நம்ம ஆள்' என்று விட்டுவிடும். புற்றுச்செல் அதையே அளவுக்கு மீறிப் போர்த்திக்கொண்டு தப்புகிறது. மேலும் 'சியாலில் லூயிஸ்' என்ற சங்கிலி இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் 'இ-செலக்டின்' என்ற புரதத்தைப் பற்றும். வெள்ளையணுக்கள் வீக்கமுள்ள இடத்தில் இறங்கும் அதே படிக்கட்டில் புற்றுச்செல்லும் இறங்கி, வேறு உறுப்பில் குடியேறுகிறது.

கணையப் புற்று போன்றவற்றுக்காக இரத்தத்தில் பார்த்து, லேப் ரிப்போர்ட்டில் வரும் 'சிஏ 19-9' இந்தச் சியாலில் லூயிஸ் குடும்பத்துச் சர்க்கரைதான். டாக்டர் சீட்டில் 'சிஏ' என்றால் கார்சினோமா, அதாவது புற்று. இங்கே கார்போஹைட்ரேட் ஆன்டிஜென், அதாவது சர்க்கரை எதிர்ப்பொருள் தூண்டி. அந்த எழுத்தைக் கண்டதுமே புற்று உறுதி என்று கலங்குவது இந்தக் குழப்பத்தால்தான். வழக்கமான மேல்வரம்பு மில்லிக்கு 37 அலகு. பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலும் எகிறும். அடைப்பு நீங்கிய பின் மறுபடி பார்க்க வேண்டும். ஏ, பி, ஓ போல 'லூயிஸ்' என்றும் ஒரு இரத்த வகை உண்டு; அது இல்லாதவர்களால் இந்தச் சங்கிலியைச் செய்யவே முடியாது, கணையப் புற்று இருந்தாலும் எண் ஏறாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிடலாம்.