மாநகராட்சி பட்ஜெட்டும் நம் வீட்டு வரிச் சீட்டும்

சென்னையில் ஏப்ரல் பிறந்தாலும் அக்டோபர் பிறந்தாலும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். அதுதான் அரையாண்டு சொத்து வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதல் 30 நாளுக்குள் கட்டிவிட்டால் வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழியும். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஏறும். இவ்வளவு பலருக்கும் தெரியும். அந்தத் தொகை எப்படிக் கணக்கானது, கட்டிய பணம் மாநகராட்சி பட்ஜெட்டில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் தெரிவதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டால் கைக்காசு மிச்சம், கவுன்சிலரிடம் பேசவும் ஒரு பிடி கிடைக்கும்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநகராட்சி ஓர் அடிப்படை விகிதம் வைத்திருக்கிறது. உங்கள் கட்டடத்தின் பரப்பை அதனால் பெருக்கி, வீடா கடையா, நீங்களே குடியிருக்கிறீர்களா வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, கட்டடத்துக்கு வயது என்ன என்று பார்த்துக் கழிவு கொடுத்து, 'ஆண்டு மதிப்பு' என்று ஒரு தொகையை எடுப்பார்கள். அதாவது, அந்தக் கட்டடம் வருடத்துக்கு என்ன வாடகை பெறும் என்ற ஒரு மதிப்பீடு. அதில் இத்தனை சதவீதம் என்று அரையாண்டு வரி வரும். பொது வரி, கல்வி வரி, நூலகத்துக்கான மேல்வரி எல்லாம் ஒரே ரசீதில் சேர்ந்து வசூலாகும். சென்னையில் குடிநீர் வாரியம் தனியாகக் கேட்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் இதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்தான். ஆக, ஆண்டு மதிப்பில் ஒரு பிழை இருந்தால் அது இரண்டு ரசீதிலும் எதிரொலிக்கும்.

பிழை எங்கே நுழையும் என்பதற்கு என் அத்தை வீடே சாட்சி. முன் அறையில் அத்தை ஒரு காலத்தில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். அளக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு மொத்த வீட்டையும் வணிகப் பயன்பாடு என்று எழுதிவிட்டார். கண் மங்கி அத்தை தையலை நிறுத்தி, மிஷின் பரணுக்கும் போன பிறகு, வருடக்கணக்கில் கடைக்கான வரியே வந்துகொண்டிருந்தது. வீட்டு இணைப்புக்கான மின் கட்டண ரசீது, முன் அறையின் போட்டோ, ஒரு விண்ணப்பம் ஆகிய மூன்றையும் கொடுத்தோம். இரண்டு முறை நடந்தோம். ஒருநாள் நேரில் வந்து பார்த்துத் திருத்தினார்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொண்டார்கள். அன்றுதான், வரிச் சீட்டைத் தொகைக்காக மட்டும் பார்க்கக்கூடாது என்று புரிந்தது. பரப்பு, பயன்பாடு, குடியிருப்பவர் யார் என்ற மூன்று விவரங்களையும் ஒருமுறை சரிபாருங்கள். தவறு என்றால் ஆணையருக்கு எழுத்தில் மறுபரிசீலனை விண்ணப்பம் கொடுக்கலாம், அதற்கு மேல் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸில் அச்சிட்டிருக்கும் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சரி, வரி ஏன் இப்படி ஒரேயடியாக உயர்ந்தது? சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2008க்குப் பிறகும் எல்லாச் சொத்துகளின் வரியையும் ஒருசேர மாற்றியமைக்கும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018இல் உயர்த்தியதை 2019இல் நிறுத்தி வைத்தார்கள். அதற்குள், மத்திய அரசின் வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வரி வசூலும் வளர வேண்டும், அப்போதுதான் நகர்ப்புற அமைப்புகளுக்கு மத்திய மானியம். அதை ஒட்டி 2022 ஏப்ரலில் சீராய்வு வந்தது. பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 2011இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூர், ஆலந்தூர் போன்ற பகுதிகளிலும் மற்ற மாநகராட்சிகளிலும் இதே வரிசையில் 25, 50, 75, 100.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 சதுர அடி வீடு, பழைய அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வையுங்கள். மயிலாப்பூரில் அது 1,750 ஆனது, அம்பத்தூரில் 1,500. சென்னையில் 2024 அக்டோபர் அரையாண்டிலிருந்து இன்னொரு 6 சதவீதம் ஏறியது. ஆகவே 1,855, 1,590. முதல் மாதத்திலேயே கட்டினால் மயிலாப்பூர்க்காரருக்கு 92 ரூபாய் 75 காசு மிச்சம். இருபது வருடம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு வலித்தது. வருடாவருடம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாரும் இவ்வளவு திணறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சொத்து வரி தவிர காலிமனை வரி, தொழில் வரி உண்டு. தொழில் வரி அரையாண்டு வருமானத்தைப் பொறுத்தது. 21,000 ரூபாய் வரை கிடையாது. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு வருடத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருப்பதால், 75,000க்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அரையாண்டுக்கு 1,250 ரூபாய்தான். மார்க்கெட் கடை வாடகை, தொழில் உரிமக் கட்டணம், நிலம் கைமாறும்போது முத்திரைத்தாளோடு வசூலாகும் கூடுதல் தீர்வையின் பங்கு எல்லாம் சேரும். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது.

இந்த வரவெல்லாம் ஒன்றாகத் தெரியும் இடம்தான் பட்ஜெட். பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் தாக்கலாகும். ஆணையரின் கீழ் ஒவ்வொரு துறையும் மதிப்பீடு கொடுக்கும். வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழு அதைப் பார்க்கும். பிறகு மாமன்றத்தில் தாக்கல், விவாதம், தீர்மானம். 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்து 2022 மார்ச்சில் புது மன்றம் பதவியேற்கும் வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டார். கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் வரவு செலவு நடந்த அந்த ஐந்தரை வருடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

பட்ஜெட் புத்தகம் கையில் கிடைத்தால் உரையை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று தொகை இருக்கும். முடிந்த வருடத்தில் உண்மையில் வந்ததும் செலவானதும் ஒன்று. நடப்பு வருடத்தின் திருத்திய மதிப்பீடு இன்னொன்று. வரும் வருடத்துக்கான திட்ட மதிப்பீடு மூன்றாவது. செய்தியில் வருவது மூன்றாவதுதான். நாம் பார்க்க வேண்டியது முதலாவது. மழைநீர் வடிகாலுக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ உண்மையில் எவ்வளவு செலவானது என்று அதில்தான் தெரியும். அந்த வருடத்தின் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு அதை ஒப்பிடுங்கள். ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகாத தலைப்பு இருந்தால், உங்கள் வார்டு கேள்வி அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வருவாய்க் கணக்கு வேறு, மூலதனக் கணக்கு வேறு. சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளுவது, தெருவிளக்கு மின் கட்டணம், வட்டி எல்லாம் முதலாவதில். புதுப் பாலம், புது வடிகால் இரண்டாவதில். சென்னையில் கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதி வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன். இவற்றின் வட்டியும் தவணையும் வரும் வருடங்களின் வரவிலிருந்துதான் போக வேண்டும். கோவை, மதுரை போன்ற மாநகராட்சிகளில் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. ஒன்றில் உபரி, இன்னொன்றில் பற்றாக்குறை என்று இருப்பதைத் தனித்தனியாகவே படிக்க வேண்டும்.

கேட்க இடம் எங்கே? 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி, அதற்குக் கீழே பகுதி சபா. முதல் பகுதி சபாக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. கிராம சபை போல இதில் அந்தப் பகுதி வாக்காளர்கள் உட்காரலாம். எங்கள் தெருவிளக்கு, எங்கள் கால்வாய் என்று வேலைகளைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லலாம். பட்ஜெட் தயாராவதற்கு முன், டிசம்பர், ஜனவரி வாக்கில் எழுதிக் கொடுப்பது நல்லது. மார்ச்சில் தீர்மானம் போட்ட பிறகு போனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மனுவில் தெருப் பெயர், என்ன வேலை, எத்தனை வீடு பாதிப்பு என்று எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறமும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு மனு போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'என் வார்டில் கடந்த நிதியாண்டில் எந்தெந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு, ஒப்பந்ததாரர் யார், பணி முடிந்த தேதி என்ன' என்று நேராகக் கேளுங்கள். அதே மனுவில் உங்கள் கட்டடத்தின் வரிக் கணக்கீட்டு விவரத்தின் நகலையும் கேட்டு வாங்கலாம்.