எண்டோதீலியம் என்னும் அகவணி

இரத்தக் குழாயின் உட்பரப்பில் ஒரே ஓர் உயிரணுவின் தடிப்புடன் படர்ந்திருக்கும் அடுக்கு எண்டோதீலியம் எனப்படும். இச்சொல்லை 1865ஆம் ஆண்டு ஆக்கியவர் சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'தீலே' என்றால் முலைக்காம்பு. காம்பின் மேல்தோலைக் குறித்துப் பிறந்த எபிதீலியம் என்ற பழைய சொல்லின் அச்சில் இது வார்க்கப்பட்டதால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குருதிக்குழாய்க்குப் பொருந்தாத பொருளே கிட்டும்.

தமிழில் சிலர் 'உட்சுவர்' என்று எழுதுகிறார்கள். குழாய்ச் சுவரின் உட்பகுதி முழுவதையும் அது குறித்துவிடுவதோடு, வெறும் பூச்சு என்ற எண்ணத்தையும் தருகிறது. எபிதீலியத்துக்கு 'மேலணி' என்ற சொல் இருப்பதால் அதன் இணையாக 'அகவணி' என்பதே பொருத்தம் என்பேன். அணி என்பது வரிசையையும் குறிக்கும், அணியப்படுவதையும் குறிக்கும். இங்கே இரண்டும் பொருந்துகின்றன.

இந்த அடுக்கு செயலற்ற பூச்சு அன்று என்பதை 1980இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். முயலின் பெருந்தமனித் துண்டு, நரம்புகள் செய்தி கடத்தச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் தளர்ந்தது. உட்பரப்பைத் தேய்த்து அகவணியை நீக்கியபின் தளரவில்லை. தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெளிவாயிற்று. அவரும் வேறு இருவரும் 1998இல் நோபல் பரிசு பெற்றனர்.

அகவணியின் நலத்தை வெளியிலிருந்தே அளக்கும் முறையும் இந்தத் தளர்வையே நம்பியிருக்கிறது. முன்கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டுத் தளர்த்தும்போது, தடைபட்டிருந்த குருதி முழங்கைக்கு மேலுள்ள தமனி வழியாக வேகமாகப் பாய்கிறது. அந்த உராய்வை உணரும் அகவணி நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்க, அவ்விரிவை அல்ட்ராசவுண்ட் கருவி படம்பிடிக்கிறது. 4 மில்லிமீட்டர் விட்டம் 4.28 ஆனால் விரிவு 7 விழுக்காடு. இதனை 'ஓட்டத்தூண்டல் விரிவு' எனலாம். விரல் நுனியின் நாடியளவைக் கொண்டு மதிப்பிடும் முறையும் உண்டு.

இத்தகைய சோதனைகளை 'ஊடுருவாச் சோதனை' என்பது வழக்கம். ஆனால் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட், உடலை ஊடுருவத்தானே செய்கிறது? உள்ளே புகாமல் நிற்பவை ஊசியும் குழலும் மட்டுமே. ஆதலால் 'கருவி புகாச் சோதனை' என்றெழுதுவதே பிழையற்றது.