கால் ஆடுகிறதென்று நிலத்தை விற்காதீர்கள்

போன வாரம் இன்னொருவர். தென்னை மரத்திலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முக்கால் ஏக்கரை விற்று, ஏதோ ஒரு கிளினிக்கில் மூன்று ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) ஊசி போட்டிருக்கிறார்கள். "ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் கால் தானா ஆடுது டாக்டர்" என்று மனைவி போனில் வீடியோ காட்டினார். நான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். முதுகின் அடியில் எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப் புண். அதை யாரும் வீடியோ எடுத்திருக்கவில்லை.

இந்தக் கால் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை, அடிபட்டதும் கால் துவண்டு கிடக்கும். சில வாரம் போனால், அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடம் மூளையின் கடிவாளம் இல்லாமல் தன்போக்கில் வேலை செய்ய ஆரம்பிக்கும். போர்வை உரசினால் கால் வெட்டி இழுக்கும். சிறுநீர்ப்பை நிறைந்தால் வெட்டும். கால் விரலில் நகச்சுற்று வந்தாலும் வெட்டும். ஊசி போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும். "கட்டை விரலை மடக்குங்க" என்று சொல்லி அது மடங்கினால் எனக்கு உடனே போன் செய்யுங்கள், நள்ளிரவானாலும் சரி. சொல்லாமல் ஆடினால் அது வெறும் வெட்டு. வழக்கத்தைவிட அதிகமாக வெட்டினால் எங்கோ புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

தண்டுவடம் முழுதும் சிதையாதவர்களுக்கு முதல் சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் பலம் திரும்பும். அந்த நேரம் பார்த்து ஊசி போட்டவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. 1981இல் மாண்ட்ரியாலில் டேவிட், அகுவாயோ இருவரும் எலியின் கால் நரம்பைப் பாலமாக வைத்தபோது, வளரவே வளராது என்று நினைத்த தண்டுவட நரம்பிழைகள் அதற்குள் வளர்ந்தன. நாற்பது வருடம் தாண்டியும் அது மனிதருக்குச் சிகிச்சையாகவில்லை. மூக்கிலிருந்து எடுத்த செல்லைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு வருடம் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014இல் மருத்துவ இதழில் வந்தது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் ரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் இன்னும் சோதனை நிலைதான். சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. உங்களிடம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலு பேர் சேர்ந்து பலகையில் ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, படுக்கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள், இரவிலும்தான். ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் டியூப்பை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டு எடுக்க நோயாளியே கற்றுக்கொள்ளட்டும். கழுத்து அல்லது மேல் நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டு வீட்டில் இருப்பவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, வியர்வை வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூப் அடைத்திருக்கிறதா பாருங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் தண்டுவடம் கடைசிவரை ஆறவில்லை.

அடுத்த ஊசிக்கு முன்பணம் கட்டும் முன், டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேனும் எடுத்துக்கொண்டு ஒரு தடவை வாருங்கள். திட்ட மாட்டேன்.