எஞ்சின் ஆயில் குடிக்கிறதா? ரிங் வேலைக்கு முன் இந்த வால்வைப் பாருங்கள்

"வண்டி ஆயில் குடிக்குது, ரிங் போயிடுச்சாம். எவ்வளவு ஆகும்?" பட்டறைக்கு வரும் பழைய பெட்ரோல் கார்க்காரர்களில் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருக்கலாம்தான். ஆனால் எஞ்சினைப் பிரித்தால் கை கடிக்கும். அதற்குமுன் விலை குறைந்த ஒரு சின்ன வால்வைச் சோதித்துவிட வேண்டும். ஸ்பேர் கடையில் பிசிவி வால்வு என்று கேட்டால் தருவார்கள்.

ரிங் புதிதாகவே இருந்தாலும் எரிந்ததும் எரியாததுமாக வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். பட்டறையில் இதை பேக் கம்ப்ரஷன் என்போம். அது வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஈரம் சேர்ந்து ஆயில் சேறாகும். ஒரு காலத்தில் இதை ஒரு குழாய் வழியாக ரோட்டிலேயே விட்டுவிடுவார்கள். கலிபோர்னியாவின் புகைமூட்டத்தில் இதற்கும் பங்கு இருப்பது தெரிந்தபின், 1961 மாடல் கார்களிலிருந்து அங்கே இந்த வால்வைப் பொருத்த ஆரம்பித்தார்கள். அந்த வாயு இப்போது எஞ்சின் காற்றை இழுக்கும் வழியான இன்டேக் மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போய் எரிகிறது.

வால்வுக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு பிளஞ்சரும்தான். ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் இழுப்பு அதிகம் என்பதால் பிளஞ்சர் நகர்ந்து வழியைக் குறுக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுப்பு குறைந்து வழி அகலமாகும். கரியும் பிசுக்கும் ஏறி அது திறந்தபடியே நின்றுபோனால், ஐட்லிங்கிலும் வாயுவோடு ஆயில் ஆவியைச் சேர்த்து உறிஞ்சும். கேஜில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், ஆயில் இறங்கும், ஐட்லிங் தடுமாறும். மூடியபடி நின்றாலோ உள்ளே அழுத்தம் கூடி, எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் கேஸ்கெட்டிலும் கிராங்க் ஆயில் சீலிலும் கசியும். பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் வந்து நிற்கும். சீலை மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி கசிகிறது என்றால் சீலைத் திட்டாதீர்கள், இந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

கழற்றி ஆட்டினால் நல்ல வால்வு 'கடகட' என்று சத்தம் போடும். சத்தமே இல்லை என்றால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் சத்தம் வந்தாலே வால்வு நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும். அதனால் ஐட்லிங்கில், மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸிலிருந்து எடுக்காமல், வால்வின் திறந்த முனையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இழுப்பு தெரிந்தால் பாதை திறந்திருக்கிறது. இழுப்பே இல்லையென்றால் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது.

மாற்றுவது பெரும்பாலான பழைய எஞ்சின்களில் அரை மணி நேர வேலை. அதில் ஒரு இடத்தில் மட்டும் நிதானம் தேவை. வால்வு உட்காரும் ரப்பர் குரோமெட் வருடக்கணக்கான சூட்டில் மண்பாண்டம்போல் மொறுமொறுத்திருக்கும். வேகமாகப் பிடுங்கினால் துண்டு துண்டாக உடைந்து டேப்பட் கவருக்குள் விழும், அப்புறம் கவரையே கழற்ற வேண்டியதுதான். எஞ்சின் லேசான சூட்டில் இருக்கும்போது, மெதுவாகத் திருகித் திருகி எடுங்கள். குரோமெட்டையும் ஹோஸையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஹோஸ் ஆயில் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் டியூப் இழுப்பில் ஒட்டிக்கொள்ளும். வால்வும் உங்கள் எஞ்சினுக்கான பார்ட் நம்பரே இருக்கட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வால்வுகள் ஒரே அளவு வாயுவை விடுவதில்லை.

சிலர் வால்வை அடைத்துவிட்டு பிரீதர் குழாயைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டு, "இப்போ ஆயில் குறையாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். புகை தெருவுக்குப் போகும், ஈரம் எஞ்சினுக்குள்ளேயே தங்கும்.

சரி, மாற்றியதும் ஆயில் குறைவது நின்றுவிடுமா? கோளாறு வால்வில் இருந்தால் மட்டுமே. இதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு கேஜின் மேல்கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி பாருங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 1 லிட்டர் பிடிக்கும். மாற்றும் முன்பு ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை அளந்தால் போதும். மேனிஃபோல்டில் ஏற்கெனவே தேங்கிய ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்ச நாள் நீலப் புகை வரலாம், பதற வேண்டாம்.

அளவு மாறவே இல்லையென்றால் அடுத்த சந்தேகங்களுக்குப் போகலாம். ரொம்ப நேரம் நின்று கிளப்பும்போது மட்டும் நீலப் புகை என்றால் வால்வு சீல் (பிசிவி அல்ல, எஞ்சினின் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளின் சீல்). ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங். சில எஞ்சின்களில் வடிவமைப்பிலேயே பிரச்சினை. டொயோட்டாவின் 2ஏஇசட் எஞ்சின் ஆயில் குடித்ததால், அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி கார்களுக்கு பிஸ்டனும் ரிங்கும் மாற்றித் தரும் திட்டமே வந்தது. அப்படிப்பட்ட எஞ்சினில் எத்தனை பிசிவி வால்வு மாற்றினாலும் ஆயில் குறைந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று, டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும்போது ஆயில் கீழ்க்கோட்டுக்கும் எவ்வளவோ கீழே போயிருக்கும். பெட்ரோல் போடும்போது மாதம் இரண்டு முறையாவது கேஜை இழுத்துத் துடைத்துப் பாருங்கள்.