ஷேல் எண்ணெய்: நிறுவனம் சொல்லும் பேரல் கணக்கில் அமெரிக்க விதி எதை ஏற்கிறது?

கலிபோர்னியாவின் மான்டரே ஷேல் பாறையிலிருந்து (ஷேல் என்பது நுண்துகள்கள் இறுகி உருவான அடுக்குப் பாறை) 1,540 கோடி பேரல் எண்ணெய் எடுக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஏறத்தாழ 1,750 சதுர மைல் பரப்பு, சதுர மைலுக்கு 16 கிணறுகள், கிணற்றுக்கு 5.5 லட்சம் பேரல் என்று மூன்று எண்களைப் பெருக்கியதில் கிடைத்த தொகை அது. இதை நம்பி, 2020-க்குள் 28 லட்சம் வேலைகள் வரை உருவாகும் என்ற கணிப்பும் 2013-இல் வெளியானது. ஆனால் மான்டரேயின் பாறை அடுக்குகள் நிலப்பலகைகளின் நெருக்கத்தில் மடிந்தும் முறிந்தும் கிடப்பவை. வடக்கு டகோட்டாவின் பாக்கன் பகுதியில் கைகொடுத்த கிடைமட்டத் துளைமுறை அங்கே அதே பலனைத் தரவில்லை. 2014 மே மாதத்தில் அதே நிர்வாகம் தன் மதிப்பீட்டைச் சுமார் 60 கோடி பேரலாகக் குறைத்தது.

பாறைக்குள் இருக்கக்கூடிய 'வளம்' வேறு, லாபத்தோடு வெளியே கொண்டுவரக்கூடிய 'இருப்பு' வேறு. இந்த வேறுபாட்டைத்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி காக்கிறது. 2008 டிசம்பரில் திருத்தப்பட்டு 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதியின்படி, ஆணையத்திடம் தாக்கல் செய்யும் ஆவணங்களில் இருப்பை மட்டுமே காட்டலாம். வளத்தின் மதிப்பீட்டைப் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. 'உறுதி இருப்பு' என்று எழுத வேண்டுமானால், நிகழ்தகவு முறையில் கணக்கிடும்போது, அந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்க 90 சதவீத வாய்ப்பாவது இருக்க வேண்டும்.

லாபம் வருமா என்று பார்க்க எடுத்துக்கொள்ளும் எண்ணெய் விலைக்கும் வரையறை உண்டு. முன்பெல்லாம் ஆண்டின் கடைசி நாள் விலையே அடிப்படையாக இருந்தது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் அந்த ஆண்டு முடிவில் 45 டாலருக்கும் கீழே நின்றதை நினைத்துப் பார்த்தால், ஒரே ஒரு நாளின் விலை எவ்வளவு தவறான படத்தைக் காட்டும் என்பது விளங்கும். இப்போது 12 மாதங்களின் முதல் நாள் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

ஷேல் நிறுவனங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது ஐந்தாண்டு நிபந்தனை. இன்னும் தோண்டாத கிணற்றின் எண்ணெயை உறுதி இருப்பில் சேர்க்க வேண்டுமானால், அதை ஐந்து ஆண்டுகளுக்குள் தோண்டும் திட்டத்தை நிறுவனம் முறைப்படி ஏற்றிருக்க வேண்டும். சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. இதே திருத்தம் வேறொரு பக்கம் கதவைத் திறந்தும் விட்டது: நம்பகமான தொழில்நுட்பம் ஆதரித்தால், உற்பத்தியில் உள்ள கிணறுகளை ஒட்டியிராத இடங்களையும் கணக்கில் எடுக்கலாம். மேலும், மதிப்பீட்டை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவ்விரண்டும் விதியின் பலவீனங்கள் என்றே நான் கருதுகிறேன்.

முதலீட்டாளர் கூட்டங்களில் காட்டும் விளக்கப் படங்களுக்கு வளத்தைச் சொல்லக் கூடாது என்ற இந்தத் தடை பொருந்தாது. அதனால்தான் அங்கே 'வள வாய்ப்பு' என்ற பெயரில், தாக்கல் செய்த இருப்பைப் போலப் பல மடங்கு பெரிய எண்கள் தோன்றுகின்றன. எரிவாயுவையும் எண்ணெயாக மாற்றிக் கணக்கிடும் 'எண்ணெய்க்கு இணையான பேரல்' என்ற அலகில் எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. 6,000 கன அடி எரிவாயுவை ஒரு பேரலாக எண்ணுவது வெப்ப அளவில் சரியானாலும், அந்த எரிவாயு பெரும்பாலும் ஒரு பேரல் எண்ணெயின் விலைக்கு அருகில்கூட விற்பதில்லை. முதல் 24 மணி நேர உற்பத்தியைக் கொண்டும் கிணற்றின் ஆயுளை எடைபோடக் கூடாது, ஏனெனில் ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கும் கீழே போய்விடுவது வழக்கம்.

உண்மை நிலையை அறிய, ஆணையத்தின் எட்கர் தளத்தில் நிறுவனத்தின் 10-கே ஆண்டறிக்கையை இலவசமாகத் திறந்து, தோண்டப்படாத உறுதி இருப்பு பற்றிய பகுதியைப் படியுங்கள். அந்த ஆண்டில் அதில் எவ்வளவு உற்பத்திக்குத் தயாரான இருப்பாக மாறியது, அதற்கு எவ்வளவு செலவானது, ஐந்து ஆண்டுகள் கடந்தும் பெருமளவு தோண்டாமல் கிடந்தால் ஏன் என்பதையெல்லாம் நிறுவனம் அங்கே சொல்லியே ஆக வேண்டும்.