பிளஸ் டூ முடித்து ஒரு வருட இடைவெளியா? தொலைநிலைப் படிப்பில் சேரும் முன்

நீட் மறுபடி எழுதுவதற்காகவோ வீட்டுச் சூழலாலோ ஒரு வருடம் கல்லூரிக்குப் போகாமல் இருப்பவர்கள், அந்த ஆண்டில் தொலைநிலைக் கல்வியில் சேரத் தடை இல்லை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு ரெகுலர் படிப்பையும் ஒரு தொலைநிலைப் படிப்பையும் சேர்ந்தாற்போல் படிக்கலாம். அடுத்த ஆண்டு கல்லூரியில் இடம் கிடைத்தாலும் இதை விட வேண்டியதில்லை. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டும் அந்தந்தக் கவுன்சிலின் விதி தனி. சேரும்போது கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில், படிப்பின் அளவைக் கிரெடிட்டில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. பேரிடர் மேலாண்மை போன்ற ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு 16 கிரெடிட் என்றால் 480 மணி நேரம். வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் போகும். நீட், ஜேஇஇ கோச்சிங்குக்குப் போகிறவருக்கு இது பெரிய சுமை. அவர்களுக்கு மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றே போதும். பாடம் படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால்தான் பாடத்துக்கு ரூ.1000 கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்ச்சிக்கு அசைன்மென்டில் 10, தேர்வில் 30 தனித்தனியே எடுக்க வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும் சான்றிதழ் கிடைக்காமல் போவது பெரும்பாலும் அசைன்மென்ட் கெடுவைத் தவறவிட்டதால்தான்.

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களுக்கு இக்னோ சான்றிதழ் பொருந்தும். ஆனால் ஜூலைப் பருவத்தில் சேருங்கள். ஜூலையில் சேர்ந்தால் தேர்வு டிசம்பரில் வரும். ஜனவரியில் சேர்ந்தால் ஜூனில் வந்து கல்லூரிச் சேர்க்கை அலைச்சலோடு மோதும். சேர்க்கைக் கட்டணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தேர்வுப் படிவத்தைத் தனியாக நிரப்பி, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதைக் கோட்டைவிட்டால் அடுத்த தேர்வு ஜூனில்தான். அசைன்மென்டுக்கு 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம். ஆறு மாதப் படிப்பை முடிக்க இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு என்பதால், ஒரு தாள் நின்றுபோனாலும் பதற வேண்டாம். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் குறிப்பிட்ட படிப்புகளில் கட்டண விலக்கு உண்டு. அதை ஒரே ஒரு படிப்புக்குத்தான் கேட்கலாம். இரண்டில் கேட்டால் இரண்டு விண்ணப்பமும் போய்விடும்.

பட்டப்படிப்பிலேயே சேர்கிறீர்கள் என்றால், டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடியும் (உங்கள் கிரெடிட்டுகள் சேரும் கணக்கின் எண்), அதை வைத்து யுஜிசி தளத்தில் டெப் ஐடியும் (தொலைநிலை மாணவருக்கான அடையாள எண்) எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் ‘கவின் மு’ என்றும் மதிப்பெண் சான்றிதழில் ‘மு. கவின்’ என்றும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். விண்ணப்பம் திறக்கும் முன்பே ஆதாரை மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். கடைசி வாரத்தில் திருத்தப் போனால் தேதி கடந்துவிடும்.

எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்தப் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டு என்பது மட்டும் போதாது. ‘ஒரே வருடத்தில் டிகிரி’ என்று விளம்பரம் செய்யும் தனியார் மையத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் உங்கள் பெயரில் நேரடியாகப் போக வேண்டும். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் படிக்கவே முடியாது.

இக்னோவுக்கு ஸ்கேன் செய்த நகல் போதும். ஒரிஜினல் டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் எவரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். அடுத்த ஆண்டு ரெகுலர் கல்லூரி கேட்பது அவற்றைத்தான்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்று: புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1000 தொலைநிலைப் படிப்புக்குக் கிடைக்காது. அந்தப் பணத்தை நம்பி இந்த ஆண்டின் செலவைத் திட்டமிட வேண்டாம்.